டி டிரைவில் தேடியவை

டிடிபி தொழிலில் தட்டச்சுக்குக் கூலி உண்டு, பக்கம் கட்டுவதற்குக் கூலி உண்டு, ராப்பர் வடிவமைப்புக்குத் தனிக் கூலி உண்டு. தேடுவதற்கு மட்டும் கிடையாது. “போன வருஷம் மலர்ல தலைவர் போட்டோ ஒண்ணு போட்டீங்களே, அதையே வெச்சிருங்க சார்” என்று வாடிக்கையாளர் போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு அது ஒரு வரி. எங்களுக்கு அது அரை மணி நேரமாகவும் ஆகலாம், ஐந்து விநாடியிலும் முடியலாம். திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் புத்தகம், மலர், அழைப்பிதழ் என்று பக்கம் கட்டிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு லாபமும் நஷ்டமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பரில் எங்கள் கடைப் பக்கம் வந்து பார்த்தால் இது புரியும்.

எங்கள் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் உண்டு. வேலைகள் அத்தனையும் டி டிரைவில்தான் கிடக்கும். வைரஸ் புகுந்தோ விண்டோஸ் படுத்தோ கணினியை ஃபார்மேட் செய்ய நேர்ந்தால் போவது சி டிரைவ், டி தப்பிக்கும். சர்வீஸுக்கு வருகிற பையன்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அந்த டி டிரைவைத் திறந்தால் ‘ஜாப்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர், ‘ஓல்டு’ என்று ஒன்று, ‘ஓல்டு 2’ என்று இன்னொன்று, ‘டெஸ்க்டாப் பேக்கப்’ என்று மற்றொன்று. அதற்குள் போனால் மறுபடியும் ஒரு ‘ஜாப்ஸ்’. ஒரே கவிதைத் தொகுப்புக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘கரெக்‌ஷன் ஓவர்’, ‘பிரஸ்’ என்று நான்கு பேஜ்மேக்கர் ஃபைல்கள். அச்சுக்குப் போனது எது என்று அதைச் செய்தவருக்கே சந்தேகம் வரும். டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்தும் வகைக்கு மூன்று எழுத்தும்தான் இடம். விண்டோஸ் 95 வந்து நீளமான பெயர்களுக்கு வழி திறந்த பிறகும் எட்டெழுத்தில் சுருக்கி வைக்கும் பழக்கம் பலர் கையை விட்டுப் போகவில்லை.

எங்கள் கடையில் ஒரு பெரியவர் இருந்தார். ஈய எழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர். ஆஃப்செட் வந்து அச்சுக்கோப்பு வேலை அற்றுப்போனதும், தலை நரைத்த பிறகு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். அவர் எதையும் தேடமாட்டார், எடுப்பார். “டி-யில மூணாவது ஃபோல்டர், அதுக்குள்ள கடைசிக்கு முந்தினது, அதுல பாரு தம்பி” என்பார், இருக்கும். தமிழ் அச்சுக்கோப்பில் எழுத்துப் பெட்டியின் அறைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அத்தனையிலும் கண் பார்க்காமல் கை போய் எழுத்தைப் பொறுக்கிய மனிதருக்கு ஃபோல்டர்கள் எம்மாத்திரம்! அவர் நினைவில் இருந்தது இடம், பெயர் அல்ல. யாராவது அந்த ஃபோல்டரைத் தேதி வரிசைக்கு மாற்றிவிட்டால் மட்டும் கை நின்றுவிடும். “யார்ரா இதைக் கலைச்சது?” என்று எழுந்துவிடுவார். எதுவும் கலைந்திருக்காது, வரிசைதான் மாறியிருக்கும்.

எனக்கு அவருடைய கை வாய்க்கவில்லை. இடம் நினைவில் நிற்காது. பெயரில் ஒரு துண்டு நிற்கும். நூலாசிரியர் பெயரில் பாதி, தலைப்பில் ஒரு சொல், எந்த வருடம் என்ற நிழல். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு கோப்பைப் பிடிக்கும் வழிகளைத் தேடிப் போனதுதான் என் கதை.

நாய்க்குட்டி காலமும் அதற்குப் பிறகும்

விண்டோஸ் எக்ஸ்பியில் தேடு என்று அழுத்தினால் திரையின் ஓரத்தில் ஒரு நாய்க்குட்டி வந்து உட்காரும். பெயரைக் கொடுத்துவிட்டு நாம் டீக்குப் போய்வரலாம். திரும்பி வந்தாலும் அது வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். காரணம் எளிது. நாம் கேட்ட பிறகுதான் அது ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்கத் தொடங்கும். கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடச் சொன்னால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்கும். நேற்று முழுக்கத் தேடியதை இன்று நினைவில் வைத்திருக்காது. மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வேகமாகத் தேடுகிற எந்தக் கருவிக்கும் ஒரே ரகசியம்தான்: கேட்பதற்கு முன்பே பட்டியல் எடுத்து வைத்துவிடுவது. புதிய யோசனை அல்ல. யூனிக்ஸ் பயனர் சங்க இதழில் 1983இலேயே ஜேம்ஸ் உட்ஸ் என்பவர் இதைப் பற்றி எழுதினார். வட்டிலுள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் அவ்வப்போது திரட்டிச் சுருக்கி ஒரே பட்டியலாக வைத்துவிட்டு, கேட்கும்போது வட்டைத் தொடாமல் பட்டியலை மட்டும் பார்ப்பது. லினக்ஸில் இன்றும் இருக்கும் ‘லொகேட்’ கட்டளை அந்த வழியில் வந்ததுதான். பட்டியலைப் பெரும்பாலும் இரவில் புதுப்பிப்பார்கள். அதனால் இன்று காலையில் சேமித்த கோப்பு அதில் அகப்படாது.

புத்தகம் கட்டுகிறவனுக்கு இதைப் புத்தகத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். முன்னால் இருக்கும் பொருளடக்கம் கோப்புப் பெயர்ப் பட்டியல். பின்னால் இருக்கும் சொல்லடைவு, உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பட்டியல். முதலாவது சிறியது, நொடியில் தயாராகும். இரண்டாவது பெரியது, தயாரிக்க நேரமும் நினைவகமும் தின்னும். தேடுகருவிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைச் செய்கின்றன, அல்லது இரண்டையும் செய்கின்றன. ஒரு கருவி எதைப் பார்க்கிறது என்று தெரியாமல் அதைத் திட்டுகிறவர்கள் எங்கள் தொழிலில் அதிகம்.

2004 அக்டோபரில் கூகுள் டெஸ்க்டாப் வந்தது. அது சொல்லடைவு வகை. கன்ட்ரோல் விசையை இரண்டு முறை தட்டினால் திரை நடுவில் ஒரு பெட்டி வரும். நாலெழுத்து அடித்தால் வேர்டு கோப்பு, மின்னஞ்சல், பார்த்த இணையப் பக்கம் எல்லாம் வந்து நிற்கும். 2005 ஏப்ரலில் ஆப்பிள் தன் டைகர் பதிப்பில் ஸ்பாட்லைட்டைக் கொண்டுவந்தது. மேக் வைத்திருந்த பத்திரிகை அலுவலக நண்பர்கள் கமாண்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்திக் காட்டி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். 2007இல் விஸ்டா வந்தபோது ஸ்டார்ட் மெனுவிலேயே தேடும் பெட்டி சேர்ந்தது.

கூகுள் டெஸ்க்டாப்பை எங்கள் கடையில் வெகுநாள் வைத்திருக்கவில்லை. 2006இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ஒரு வசதி இருந்தது: ஒரு கணினியில் உள்ள கோப்பை இன்னொரு கணினியிலிருந்து தேடலாம். அந்த வசதியை இயக்கினால் கோப்பின் உள்ளடக்கம் கூகுளின் சர்வருக்குப் போகும். அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அப்போதே எச்சரித்தது. நாங்கள் பள்ளிகளுக்குக் காலாண்டு, அரையாண்டு வினாத்தாளும் அடித்துக் கொடுக்கிறவர்கள். வசதியை அணைத்து வைத்தாலே போதும்தான். ஆனால் முதலாளி, “வினாத்தாள் இருக்கிற மெஷின்ல அந்தப் பேச்சே வேணாம்” என்று சொல்லிவிட்டார். இன்னொரு காரணமும் உண்டு. உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் கருவி கோப்பின் ஒரு நகலைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளலாம். கூகுள் டெஸ்க்டாப் அப்படித்தான் வைத்துக்கொண்டது. நாம் அழித்த கோப்பின் மேட்டர் அதன் பையில் இருக்கும். பலர் வந்து உட்காருகிற கடைக் கணினியில் இது சின்ன விஷயம் இல்லை. 2011 செப்டம்பரில் கூகுளே அந்தக் கருவியை நிறுத்திவிட்டது.

பெயரை மட்டும் பார்க்கும் கருவி

என் வேலையை நிஜமாகவே மாற்றியது எவ்ரிதிங் என்ற சின்ன நிரல். வாய்டுடூல்ஸ் என்ற பெயரில் டேவிட் கார்பென்டர் எழுதி இலவசமாகக் கொடுப்பது. அது பெயரை மட்டும்தான் பார்க்கும். ஆனால் பார்க்கும் விதம் வேறு. விண்டோஸ் வட்டுகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பில் இருக்கும். அதில் வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு வைத்திருக்கும் தலைமை அட்டவணை ஒன்று உண்டு. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக அலையாமல் நேராக அந்த அட்டவணையைப் படித்துவிடும். 10 லட்சம் கோப்புகளுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. அதற்குப் பிறகு சேர்வது, அழிவது, பெயர் மாறுவது எல்லாவற்றையும் என்டிஎஃப்எஸ் எழுதி வைக்கும் மாற்றக் குறிப்பேட்டிலிருந்து உடனுக்குடன் தெரிந்துகொள்ளும். அதனால் இந்த நிமிடம் சேமித்த கோப்பும் அகப்படும். எழுத்தை அடிக்க அடிக்கப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும்.

முதல் முறை அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றே சொல்வார்கள்: “இது எப்படி டி டிரைவையும் காட்டுது?” விண்டோஸின் சொந்தத் தேடல் வழக்கமாகப் பட்டியலிடுவது பயனரின் ஃபோல்டர்களையும் ஸ்டார்ட் மெனுவையும்தான். எங்கள் பிழைப்பு முழுக்க இருக்கிற டி டிரைவ் அந்தப் பட்டியலில் தானாக வராது. வராத இடத்தில் தேடினால் பழைய நாய்க்குட்டி வேகம்தான். இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் போய் டி டிரைவைச் சேர்த்துவிட்டால் அதுவும் ஒழுங்காக வேலை செய்யும். விண்டோஸ் 10இன் 2019 பதிப்பிலிருந்து கணினி முழுவதையும் பட்டியலிடச் சொல்ல ஒரே பொத்தான் வைத்திருக்கிறார்கள். இதைச் செய்யாமல் “விண்டோஸ் சர்ச் தண்டம்” என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் கையால் தோண்டியவர்களை எனக்குத் தெரியும்.

எவ்ரிதிங்கைப் பெயர் கண்டுபிடிக்க மட்டும் நான் பயன்படுத்துவதில்லை. நூலாசிரியர் பென் டிரைவில் கொண்டுவரும் இன்டிசைன் கோப்பைத் திறந்தால் படங்களின் இணைப்பு அறுந்து கிடக்கும். படத்தின் பெயரை அப்படியே நகல் எடுத்துப் பெட்டியில் ஒட்டினால் அது எந்தப் பாதாளத்தில் இருந்தாலும் வந்துவிடும், திரும்ப இணைத்துவிடலாம். இன்று மாற்றிய கோப்புகளை மட்டும் காட்டச் சொல்லலாம். இரவு கடையை மூடுமுன் பேக்கப் எடுக்க அதுவே பட்டியல். ஒரே பெயரில் இரண்டு இடங்களில் இருப்பவற்றைக் காட்டச் சொல்லலாம். ‘ஃபைனல்’ எத்தனை ஃபைனல் என்று தெரிந்துவிடும். அளவுப்படி அடுக்கச் சொன்னால் வட்டை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய ஃபோட்டோஷாப் கோப்புகள் தலை நீட்டும். ஒரு சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் அந்தச் சொல் உள்ளவை விலகும். ‘பேக்கப்’ என்ற சொல்லுக்கு முன்னால் அதைப் போட்டாலே பாதிக் குப்பை ஒழிந்துவிடும்.

அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பென் டிரைவ்களில் பல ஃபேட்32 அமைப்பில் வருபவை. அவற்றில் என்டிஎஃப்எஸ்ஸின் அந்த அட்டவணையும் கிடையாது, மாற்றக் குறிப்பேடும் கிடையாது. அவற்றையும் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர் ஃபோல்டரையும் நாமாகச் சேர்க்க வேண்டும். அங்கே அது ஃபோல்டர் ஃபோல்டராக நடந்துதான் பட்டியல் எடுக்கும். கோப்புக்குள் இருப்பதையும் தேடச் சொல்லலாம் என்றாலும், அதற்குச் சொல்லடைவு இல்லாததால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். அப்படிப்பட்ட வேலைக்கு டாக்ஃபெட்சர் போல உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் கருவிதான் சரி.

தமிழ் வந்தால் வரும் வினைகள்

இங்கிருந்துதான் தமிழ் டிடிபிக்காரனின் தனிக் கஷ்டம் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர் கருவியை நிறுவினால் வேலை முடிந்தது. நமக்கு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் கோப்புப் பெயர். எங்கள் தலைமுறை தமிழ்ப் புத்தகத்துக்கு ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைத்தது. கவிதை என்பதில் வரும் தகரத்துக்கு ஒருவர் டி போடுவார், இன்னொருவர் டி எச் போடுவார், மூன்றாமவர் அந்த டி-க்குப் பதில் அடுத்த டி போடுவார். ழகரத்துக்கு இசட் எச், எல், வெறும் இசட் என்று மூன்று கட்சி. சிவகாமியின் ககரம் சிலருக்கு கே, சிலருக்கு ஜி. முழுப் பெயரையும் ஒழுங்காக அடிக்கிறவருக்குத்தான் கோப்பு கிடைக்காது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் துண்டு எதுவோ அதை மட்டும் அடிக்க வேண்டும். கவிதைக்குக் கே, ஏ, வி, ஐ போதும். அதன் பின் ஓர் இடைவெளி விட்டு ஆசிரியர் பெயரில் சந்தேகமில்லாத இரண்டெழுத்து. சந்தேகமுள்ள எழுத்தின் இடத்தில் நட்சத்திரக் குறி. இதைப் பழகிய பிறகு, சொல்லில் பாதியை மட்டும் அடிக்கும் பழக்கம் எனக்குக் கடிதம் எழுதும்போதுகூட வந்துவிட்டது.

அடுத்தது உள்ளே இருக்கும் மேட்டர். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ்; கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று இருப்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆகவே பாமினியில் அடித்த வேர்டு கோப்புக்குள் ‘தமிழ்’ என்று யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. அந்த ஐந்து குறிகளை அடித்தால் வரும். பழைய ஆபரேட்டர்களுக்கு இது ஒரு சுமையே இல்லை. விரல் எப்படிப் போகும் என்று பார்த்து அதையே ஆங்கிலத்தில் அடித்துவிடுவார்கள்.

ஆனால் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் கருவியிடம் இது ஓரிடத்தில் இடறும். அது நிறுத்தக்குறி வந்த இடத்தில் சொல் முடிந்தது என்று வெட்டிவிடும். பாமினியில் புள்ளியே அரைப்புள்ளிதான், இகரத்துக்குக் காற்புள்ளி. ‘இலங்கை’ என்பது அதன் பட்டியலில் ஒய் கியூ என்று ஒரு சொல்லாகவும் ஐ எஃப் என்று இன்னொரு சொல்லாகவும் உடைந்து கிடக்கும். முதல் எழுத்து காணாமலே போயிருக்கும். இதற்கு வழி, முழுத் தொடரையும் மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுவது, அல்லது பட்டியலை விட்டுவிட்டு எழுத்தை அப்படியே ஒப்பிடும் கருவியிடம் போவது. அங்கேயும் ஒரு பொறி உண்டு. பாமினியில் சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். சிறிய என் எகரக் கொம்பு, பெரிய என் ஏகார இரட்டைக் கொம்பு. பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காதே என்பதுதான் தேடுகருவிகளின் வழக்கமான ஏற்பாடு. அதை மாற்றாவிட்டால் குறிலும் நெடிலும் ஒன்றாகி, கேட்டது ஒன்று வருவது ஒன்பது என்றாகும்.

இது பாமினி ஒன்றின் கதை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பொருத்தம் வைத்திருந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடுக்கும் டேஸ்16க்கும் மாறியது. விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு அது கடைசிவரை எட்டவில்லை. 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6தான் இந்திய மொழிகளை முறையாக ஏற்றது. வலைப்பூக்காரர்கள் யூனிகோடில் எழுதிக் குவித்த ஆண்டுகளிலும் புத்தகம் கட்டுகிறவர்கள் பழைய எழுத்துருவிலேயே கிடந்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் டி டிரைவ்களில் தேடலுக்கு அகப்படாத தமிழ் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

யூனிகோடு வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை, வினை நுட்பமாகிவிட்டது. ‘சோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்தை அப்படியே ஒப்பிடும் கருவிக்கு இரண்டும் வேறு. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். மேக்கிலிருந்து வந்த ‘சோழர் கோயில்கள்’ கோப்பு விண்டோஸில் ‘சோழர்’ என்ற தேடலுக்கு அகப்படாமல், ‘ழர்’ என்று அடித்ததும் வந்து நின்றால் குற்றம் கருவியின் மேல் இல்லை. ஒகர, ஓகார, ஔகார எழுத்தைத் தவிர்த்து மிச்சத் துண்டை அடிப்பது எங்கள் கடையில் இப்போது அனிச்சைச் செயல். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். அதை இரண்டு விதமான எழுத்துத் தொடரால் எழுதலாம்; திரையில் ஒரே வடிவம் வரும். ஸ்ரீரங்கம் தேவஸ்தான மலரைத் தேடுகிறவர் ‘ரங்கம்’ என்று அடித்தால் பிழைத்தார்.

நான் கண்டுகொண்டவற்றில் எனக்கே மிகவும் பிடித்தது புள்ளி விஷயம். ‘கடல்’ என்று தேடினால் ‘கடலோரக் கிராமங்கள்’ என்ற கோப்பு வராது. கணினி பார்ப்பது ல, அதன் பின் புள்ளி. கடலோரத்தில் லகரத்துக்குப் பின் புள்ளி இல்லை, ஓகாரக் குறி இருக்கிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘கடல’ என்று அடித்தால் கடல், கடலில், கடலோரம், கடலூர் எல்லாம் வரும். கூடவே கடலையும் வரும், அதைத் தள்ளிவிடலாம். ‘மரம்’ போல உருபு ஏறும்போது உருமாறும் சொல்லுக்கு ‘மர’ என்று அடிக்க வேண்டும். அப்போது மரத்தடியோடு மருந்தும் மரியாதையும் சேர்ந்து வரும், ஏனென்றால் ‘ரு’ என்பது கணினிக்கு ரகரமும் உகரக் குறியும். இன்னொரு சொல்லின் துண்டையும் சேர்த்தால் கூட்டம் கலைந்துவிடும். தமிழில் தேட வேண்டியது சொல்லை அல்ல, சொல்லில் மாறாமல் நிற்கும் பகுதியை. இலக்கணம் படித்தவர்கள் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

விரலும் மவுஸும்

தேடுவதோடு சேர்ந்தே வந்தது நிரல்களைத் திறக்கும் வேலை. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டை வரும் லாஞ்ச்சி என்ற நிரலை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே போட்டுக்கொண்டேன். இரண்டெழுத்து அடித்து என்டர் தட்டினால் பேஜ்மேக்கர் திறக்கும். எதை அடிக்கடி தேர்ந்தெடுக்கிறோமோ அது பட்டியலில் மேலே ஏறிக்கொள்ளும். மேக்கில் இதற்கு முன்னோடி குவிக்சில்வர். பிறகு ஆல்ஃபிரெட் வந்தது. 2020இல் மைக்ரோசாஃப்டே பவர்டாய்ஸ் தொகுப்பில் ரன் என்ற பெயரில் அதே ஆல்ட்-ஸ்பேஸ் பட்டையைக் கொடுத்தது. ஒன்றும் நிறுவாமல், விண்டோஸ் விசையைத் தட்டிப் பெயரின் முதல் எழுத்துகளை அடித்தாலே இன்று பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்த பெண்கள் இந்தப் பட்டையை ஒரே நாளில் தமதாக்கிக்கொண்டார்கள். விரலை விசைப்பலகையிலிருந்து எடுப்பதே அவர்களுக்கு இழுக்கு. மவுஸைத் தேடிக் கை போய், ஐகானைக் கண் தேடி, மறுபடி விரல்கள் தம் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் ஒரு வரி அடித்துவிடுவார்கள். ஃபோட்டோஷாப்பிலிருந்து தொடங்கிய டிசைனர் பையன்களுக்கு இது ஒட்டவே இல்லை. அவர்கள் கை எப்போதும் மவுஸில்; டாஸ்க்பாரில் நாலு ஐகான் இருந்தால் போதும் என்பார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. நாள் முழுதும் திறந்திருக்கும் ஒரே நிரலில் வேலை செய்கிறவருக்கு அதைத் திறக்கும் வேகத்தால் என்ன லாபம்? கால்குலேட்டர், கேரக்டர் மேப், எழுத்துரு மாற்றி, பிடிஎஃப், வேர்டு என்று நிமிடத்துக்கு ஒன்றாகத் தாவுகிறவருக்குத்தான் அது கூலி கொடுக்கும்.

பெயர் வைப்பது

பெரியவர் ஓய்வு பெறும்முன் எனக்கு ஒரு பாடம் விட்டுப் போனார். ஒரு சங்கத்தின் வெள்ளிவிழா மலர் வேண்டியிருந்தது. எவ்ரிதிங்கில் எந்தத் துண்டைப் போட்டும் வரவில்லை. அவர் எட்டிப் பார்த்து, “அதை அந்தக் கல்யாணப் பத்திரிகை ஃபோல்டர்லதான் பண்ணினோம், அவசரத்துல” என்றார். போய்ப் பார்த்தால் இருந்தது. பெயர் ‘அன்டைட்டில்டு 1’. பெயரே இல்லாத கோப்பைப் பெயரால் தேடும் கருவியால் எடுக்க முடியாது. அந்த ஒரு வகையை அவர் கை மட்டும்தான் எடுக்கும். அவர் போன பிறகு அதை எடுக்க யாரும் இல்லை. அதனால் பெயர் வைப்பதை ஒரு தனி வேலையாகவே ஆக்கினோம்.

இப்போது எங்கள் கடையில் கோப்பின் பெயர் எண்ணில் தொடங்கும். ஐஎஸ்பிஎன் கிடைத்த புத்தகமானால் அதன் கடைசி ஐந்து இலக்கங்கள். 2007லிருந்து அது 13 இலக்கம், முன்பாதி ஒரே பதிப்பகத்துக்கு மாறாது, கடைசிதான் வேறுபடும். மலருக்கும் அழைப்பிதழுக்கும் ஜாப் கார்டு எண். எண்ணுக்கு இசட் எச்சா எல்லா என்ற தகராறு இல்லை. எண்ணுக்குப் பின் தலைப்பு தமிழில், அதற்குப் பின் ஆங்கில எழுத்தில் ஒரு துண்டு, கடைசியில் வருடம்-மாதம்-தேதி என்ற வரிசையில் நாள். அப்படி எழுதினால் ஒரே வேலையின் கோப்புகளுக்குள் பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமையும். ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்குத் தடை. அச்சுக்குப் போன கோப்புக்கு மட்டும் ‘அச்சு’ என்ற ஒட்டு, அதுவும் ஒன்றுக்குத்தான்.

பழைய மூட்டையை ஒரேயடியாக மாற்ற முடியாது. மறுபதிப்புக்கு வரும் புத்தகத்தை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு முறை பிழை பார்த்து, புதுப் பெயரில் வைக்கிறோம். மாற்றியிலிருந்து வரும் மேட்டரில் ஔகாரமும் ஸ்ரீயும் சரியாக வந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எந்த சாஃப்ட்வேரைப் போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அவர்களிடம் நான் கேட்பது வேறு ஒன்று. ஒரு வேலை முடிந்ததும், அதைச் செய்தவர் அல்லாமல் பக்கத்து சீட்டுக்காரர் தேடி எடுத்துக் காட்ட வேண்டும். ஃபோல்டர் எது என்று சொல்லக் கூடாது. வாடிக்கையாளர் போனில் எப்படிக் கேட்பாரோ அதை மட்டும் சொல்ல வேண்டும். நாலைந்து எழுத்துக்குள் கோப்பு வந்துவிட்டால் சரி. வராவிட்டால், பெயரை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.